லாரி கேபினுக்கு ஃப்யூயல் செல்: 100 வாட் ஸ்டாக்கை மேசையில் ஓட்டிப் பார்த்த விவரம்

இரவில் 8 மணி நேரம் நிற்கும் லாரிக்கு இரண்டு 24 வோல்ட் ஃபேன், எல்இடி விளக்கு, போன் சார்ஜர், சின்ன ஃப்ரிட்ஜ். சராசரி 60 வாட் என்றால் 480 வாட்-அவர். இதற்காக எஞ்சினை ஐட்லிங்கில் விடுவது பெரிய வீண். அமெரிக்க நெடுந்தூர லாரிகளில் மணிக்குச் சுமார் 3 லிட்டர் டீசல் போகிறது. அதற்குப் பதிலாகத்தான் ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் ஃப்யூயல் செல்; பல செல்களை அடுக்கிய தொகுதியே ஸ்டாக். ஏசி இந்தக் கணக்கில் இல்லை, அதற்கு இந்த ஸ்டாக் போதாது.

ஸ்டாக் 20 செல், பிஇஎம் வகை (புரோட்டானை மட்டும் கடத்தும் சவ்வு, பிளாட்டின வினையூக்கி கொண்டது), 12 வோல்ட்டில் 8.3 ஆம்பியர். ஹைட்ரஜன் 0.5 பாரில், 99.995% சுத்தமாக வேண்டும். கார்பன் மோனாக்சைடு துளி கலந்தாலும் பிளாட்டினம் செத்துவிடும். 40% திறன், கன்வெர்ட்டர் இழப்பு எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு 40 கிராம் ஹைட்ரஜன். 150 பாரில் நிரப்பிய 10 லிட்டர் சிலிண்டரில் சுமார் 110 கிராம் இருக்கும். அதன் வால்வு இடது மரை, வலது மரை ரெகுலேட்டரைத் திணித்துத் திருகக் கூடாது. இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்த பிறகுதான் ஸ்டாக்குக்கு வாயு.

பெரிய சிக்கல், ஸ்டாக்கின் 12 வோல்ட்டை 24 வோல்ட் பேட்டரிக்கு ஏற்ப உயர்த்தும் பூஸ்ட் கன்வெர்ட்டரில். லோடு ஏறினால் ஸ்டாக் வோல்டேஜ் இறங்கும். கன்வெர்ட்டரோ அதே பவரை எடுக்க இன்னும் கரண்ட் இழுக்கும். வோல்டேஜ் மேலும் சரியும். சில நொடியில் ஸ்டாக் படுத்துவிடும். அந்நேரம் ஹைட்ரஜன் போதாத செல்லின் வோல்டேஜ் தலைகீழாகி, அது தன் மின்முனையின் கார்பனையே அரிக்கும், அந்தச் சேதம் திரும்பாது. ஆகவே இன்புட் வோல்டேஜ் வரம்பு உள்ள எம்பிபிடி வகை போர்டுதான் சரி (சோலார் பேனலுக்குப் பயன்படும் வகை; வோல்டேஜ் அந்த வரம்புக்கு இறங்கினால் கரண்டைத் தானே குறைக்கும்). முதலில் பெஞ்ச் சப்ளையில் (வோல்டேஜை மாற்றக்கூடிய மேசை மின்வழங்கியில்) மாட்டி, வோல்டேஜை மெல்லக் குறைத்து, 12.5 வோல்ட்டில் இன்புட் கரண்ட் பூஜ்யத்துக்கு வரும்படி திருகைத் திருப்புங்கள். கரண்ட் வரம்பு 7 ஆம்பியர், அவுட்புட் 28.4 வோல்ட். அது 8 செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை நிதானமாக நிரப்பும். ஃப்ரிட்ஜ் மோட்டார் கிளம்பும் அதிர்ச்சியைப் பேட்டரியே தாங்கும். வண்டியின் ஸ்டார்ட்டிங் பேட்டரியைத் தொட வேண்டாம்.

ஸ்டாக்கின் ஹைட்ரஜன் பக்கம் தேங்குவதை வெளியேற்றும் பர்ஜ் வால்வு 10 நொடிக்கு ஒருமுறை திறக்கும். அதன் டியூப் நுனியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் லேசாக நனைய வையுங்கள்: சீராக ஒரு கொத்துக் குமிழி வந்து நின்றால் நல்லது. விடாமல் வந்தால் வால்வில் தூசி. வராவிட்டால் டியூபில் நீர் அடைத்திருக்கிறது; உள்ளே நைட்ரஜனும் நீரும் தேங்கி வோல்டேஜ் இறங்கும்.

காற்று எடுக்கும் வாய் சைலன்சர் பக்கம் இருக்கவே கூடாது, கந்தகப் புகை பிளாட்டினத்தைக் கெடுக்கும். ஆக்டிவேட்டட் கார்பன் ஃபில்டர் அவசியம். சிலிண்டர் கேபினுக்கு வெளியே, மேல்பக்கம் திறந்த கூண்டில்; வண்டியில் ஏற்றுமுன் பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) விதிகளைப் பார்க்க வேண்டும், அதுவரை மேசையோடு சரி.