ஹெட்ஜிங் என்றால் என்ன வருத்தம்?

"வேலைக் கார்டை நாளைக்குத் திருப்பிக் குடுக்க வேணுமாம்" என்று மச்சான் போனில் சொன்னபோது நான் திருகோணமலைச் சீனக்குடாவில் ஒரு கடையில் பிளேன்டீயோடு நின்றேன்.

அவன் பதினொரு வருடம் ஒரு வெளிநாட்டு விமான நிறுவனத்தில் இருந்தவன். வேலையால் நிற்பாட்டின கடிதத்தில் 'எரிபொருள் ஹெட்ஜிங் நட்டம்' என்று ஒரு வரி. அதை ஒருத்தர் சத்தமாக வாசிக்க, கூட்டித் துடைக்கிற அக்கா "அது என்ன வருத்தம், தம்பி?" என்று கேட்டாவாம்.

ஒருத்தரும் சிரிக்கவில்லையாம்.

விலை ஏறிவிடும் என்ற பயத்தில் நாளைய எண்ணெய்க்கு இன்றைக்கே விலை பேசி வைப்பது, பிறகு விலை விழுந்தாலும் பேசின காசைக் கட்டுவது, அவ்வளவுதான். 2008 ஜூலையில் பீப்பாய் 147 டொலர், டிசம்பரில் 40க்கும் கீழே. எங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் அப்போது மாட்டி, விசயம் உயர் நீதிமன்றம் வரை போனது. ஹொங்கொங் விமான நிறுவனமான கதே பசிபிக் 2016இல் இப்படி 846 கோடி ஹொங்கொங் டொலரை விட்டது, அடுத்த வருடம் 600 வேலைகளை வெட்டியது.

எண்ணெய் விலையை ஒருநாளும் பார்த்திராதவர்கள்தான் முதலில் பெட்டி கட்டுகிறார்கள்.

இங்கே காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டின 99 எண்ணெய்த் தாங்கிகள். "மலிவா இருக்கேக்க இதுக்குள்ள நிரப்பியிருக்கலாமேடா" என்றேன், பகிடிக்கு.

"விலை பேசினவர் இன்னும் அதே கதிரையிலதான் மச்சான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

அப்புறம் கேட்டான்: "கார்டில படம் மட்டும் நல்லா விழுந்திருக்கு, வெட்டி எடுத்தா பிடிப்பாங்களோ?"