காய்ச்சல் விட்ட பிறகும்

இந்த மாரியில் எங்கள் வீட்டுக்கும் டெங்கு வந்துவிட்டது. தங்கச்சியின் மகனுக்கு. யாழ்ப்பாணத்தில் மழை விட்டால் நுளம்பு, அதன் பின்னாலேயே காய்ச்சல். ஊருக்கே தெரிந்த கதை.

நான் எழுத நினைத்தது தங்கச்சியைப் பற்றி. ஐந்து இரவு வார்டில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். பிள்ளை எத்தனை மில்லிலீற்றர் குடித்தான், எவ்வளவு சிறுநீர் போனது, எல்லாம் எழுத வேண்டும். டெங்குவில் காய்ச்சல் குறையும் நேரம்தான் ஆபத்தான நேரம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குவது அப்போதுதான். உடம்பு குளிர்ந்ததும் நாங்கள் ஆறுதலாக மூச்சு விட்டோம். அவள் கண்மூடவில்லை. பிளேட்லெட் எத்தனை என்று போனில் கேட்காத சொந்தம் இல்லை, நானும்தான். "நீ சாப்பிட்டியோ?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிள்ளை வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை. இன்னும் நடுச்சாமத்தில் எழும்பி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். பூச்சாடியில் தேங்கின தண்ணியைக் கொட்டாமல் விட்டது தன் பிழையாம், அழுகிறாள். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு பகலில் கடிப்பது. பள்ளிக்கூடத்திலோ, ரியூசனிலோ, எங்கே கடித்ததென்று யாருக்குத் தெரியும்? இதை எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன்.

சரி, சொன்னால் மட்டும் போதாது என்று நேற்று பிள்ளைக்குப் பக்கத்தில் நான் படுத்தேன். அவளை மற்ற அறைக்கு அனுப்பினேன். 1926, தேசிய மனநல உதவி இலக்கம், அதையும் அவள் போனில் பதிந்து கொடுத்திருக்கிறேன்.

உங்கள் ஒழுங்கையில் யாராவது இப்போது வார்டில் பிள்ளையோடு நிற்கிறார்களா? புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள். உள்ளே இருக்க விட்டால், இரண்டு மணித்தியாலம் அந்தக் கதிரையில் நீங்கள் இருங்கள்.