அக்குள் கட்டி எங்கிருந்து வந்தது?

குளித்துவிட்டுத் துடைக்கும்போதுதான் இடது அக்குளில் கைக்குத் தட்டுப்பட்டது. சின்ன கோலிக்குண்டு அளவு. வலி இல்லை. நெறி கட்டியிருக்கும், தானாக வற்றிவிடும் என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்தும் அப்படியே இருந்ததால் டாக்டரிடம் போனேன்.

மெல்லிய ஊசியால் எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் செல்கள் இருந்தன. ஆனால் அது நிணநீர்க் கணுவிலேயே பிறந்தது இல்லை, வேறு எங்கிருந்தோ வந்து தங்கியது என்றார்கள். மேமோகிராமிலும் அல்ட்ராசவுண்டிலும் மார்பில் ஒன்றும் தெரியவில்லை. நோய் இருக்கிறது, எந்த உறுப்பின் நோய் என்று தெரியாது. அந்த நாட்களில் எனக்குத் தூக்கமே இல்லை.

"ரத்தத்தில் சிஏ 15-3 என்ற மார்பகப் புற்று மார்க்கரைப் பார்த்தால் தெரிந்துவிடாதா டாக்டர்?" என்று கேட்டேன். அது நோயைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். ஆரம்ப நிலையில் பலருக்கு அது ஏறுவதே இல்லை. கல்லீரல் கோளாறிலும் ஏறலாம். பரவிய நோய்க்குத் தரும் மருந்து கேட்கிறதா என்று பார்க்கத்தான் பெரும்பாலும் பயன்படுகிறதாம். பதில் திசுவில்தான் இருக்கிறது என்றார்.

மெல்லிய ஊசியில் வந்த செல்கள் அதற்குப் போதவில்லை. தடித்த ஊசியால் திரும்ப எடுத்தார்கள். இரண்டாவது முறை ஊசி என்றதும் அழுதுவிட்டேன். ஆனால் அதில்தான் முழுத் திசு துண்டு துண்டாகக் கிடைத்தது. அதை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து பிளாக் ஆக்கி, மெல்லிசாகச் சீவி, ஒவ்வொரு சீவலிலும் ஒரு புரதத்தைத் தேடுவார்கள். அந்தப் புரதம் இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும். ஐஎச்சி என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு உறுப்பின் செல்லுக்கும் பெரும்பாலும் அதற்கே உரிய சில புரதங்கள் உண்டு. புற்றாக மாறி வேறு இடத்துக்குப் போனாலும் பல செல்கள் அவற்றைத் தயாரிப்பதை விடுவதில்லை.

ரிப்போர்ட் வந்த அன்று நோயியல் மருத்துவர் என்னையே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். வெளிர்நீலப் பரப்பில் பழுப்பு நிறத்தில் நூற்றுக்கணக்கான வட்டப் புள்ளிகள். "இது காட்டா-3 என்ற புரதம் அம்மா. செல்லின் கருவில் பிடித்திருக்கிறது, பாருங்கள்." அடுத்த ஸ்லைடு மம்மாகுளோபின் என்ற இன்னொரு புரதம். அதில் கரு நீலமாகவே இருக்க, சுற்றியுள்ள பகுதி மட்டும் பழுப்பாக, அதுவும் சில செல்களில் மட்டும். எல்லா மார்பகப் புற்றிலும் இது வராது, அதனால் இல்லை என்று வந்தாலும் மார்பகம் இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது என்றார். காட்டா-3 சிறுநீர்ப்பைப் புற்றிலும் பாசிட்டிவ் ஆகுமாம். அதனால்தான் ஒரே மார்க்கரை நம்பாமல் பலவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். எனக்கு ஈஆரும், அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றும் புரதமும், பாசிட்டிவ். நுரையீரலைக் காட்டும் டிடிஎஃப்-1 நெகட்டிவ். எல்லாம் சேர்ந்து மார்பகத்தைத்தான் காட்டின.

அப்புறம் எடுத்த எம்ஆர்ஐயில், மேமோகிராமில் தெரியாமல் போன 7 மில்லிமீட்டர் புள்ளி அகப்பட்டது. அங்கே எடுத்த திசுவிலும் அதே பழுப்பு.

சில மார்பகப் புற்றுகளில் அதிகமாக இருக்கும் ஹெர்2 என்ற புரதம் மட்டும் 2+ என்று நடுவில் நின்றது. அது 3+ என்றால் பாசிட்டிவ், 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ்; 2+ என்றால் ஃபிஷ் என்ற மரபணு டெஸ்ட் செய்துதான் முடிவு சொல்வார்கள். அதற்கு இன்னொரு வாரம். நெகட்டிவ் என்று வந்தது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரிப்போர்ட் தாளோடு நிறுத்திவிடாமல், உங்கள் பிளாக்கும் ஸ்லைடுகளும் எங்கே இருக்கின்றன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபிஷ் செய்ததும், இரண்டாவது மருத்துவர் என் ரிப்போர்ட்டைச் சரிபார்த்ததும் அந்த ஒரே பிளாக்கை வைத்துத்தான். அதற்காக அக்குளில் மூன்றாவதாக ஒரு ஊசி தேவைப்படவில்லை. அந்த பிளாக் எண்ணைப் பெரிதாக எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.