ஆவுரஞ்சிக் கல்லுக்குப் பெயின்ற் எதற்கு?

எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில், கேணிக்கு மேற்குப் பக்கமாக, நெஞ்சளவு உயரத்தில் ஓர் ஆவுரஞ்சிக் கல் நிற்கிறது. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கனடாவில் வளரும் மருமக்களுக்காகச் சொல்கிறேன்: மேய்ந்து திரும்பும் மாடு தண்ணீர் குடித்துவிட்டு, உண்ணிக் கடி தீர உடம்பைத் தேய்த்துக்கொள்ள நட்ட கல் இது. சைவர்கள் எண்ணும் 32 அறங்களில் தண்ணீர்ப் பந்தல், மடம், தடம் (குளம்), சோலை ஆகியவற்றோடு ஆவுரிஞ்சுதறி என்ற பெயரில் இதுவும் வருகிறது. அறம் ஒருபுறம் இருக்கட்டும். மாடு கிளுவை வேலியில் முதுகு தேய்த்தால் வேலி என்னவாகும் என்பதும் நட்டவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும்.

எழுத்துள்ள கல்லுக்குக் கேட்பார் உண்டு. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் பொலன்னறுவை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு கூறு அரச பண்டாரத்துக்கு, மூன்று கூறு உடையவனுக்கு என்று 12ஆம் நூற்றாண்டிலேயே கணக்குத் தீர்த்த கல் அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதைப் பதிப்பித்தார். எங்கள் கல்லில் எழுதியவை மாடுகள் மட்டுமே. கிழக்கு முகத்தில், மாட்டின் தோள் உரசும் உயரத்தில், கை வைத்தால் வழுக்கும்; விளிம்பு மழுங்கிவிட்டது. பின்பக்கம் இன்னும் சொரசொரப்பு, சிப்பித் துண்டுகள் விரலில் தட்டுப்படும். கீழே ஒரு பிளவில் செம்மயிர் சிக்கியிருக்கும். ஊரில் மாடு குறைந்துவிட்டது, ஆனால் அற்றுப்போகவில்லை.

வீதியை அகலிக்க வந்தபோது கல்லைப் பெயர்த்துக் கோயில் வீதியில் வைத்து, சுற்றிவர மாபிள் பதிக்கலாம் என்றார்கள். கேணியில்லாத இடத்தில் ஆவுரஞ்சிக் கல்லுக்கு என்ன வேலை? பெரியவர்கள் சிலர் என் பக்கம் நின்றதால் கல் நின்ற இடத்திலேயே நின்றது, வீதியோர வாய்க்கால்தான் கொஞ்சம் வளைந்து போனது. அவ்வளவுதான், பெரிய போராட்டம் ஒன்றும் இல்லை.

அடுத்து வந்தது பெயின்ற். திருவிழாவுக்கு முதல்நாள் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடிக்க இளைஞர்கள் வாளியோடு வந்துவிட்டார்கள். மனம் நல்ல மனந்தான். ஆனால் நம் மண்ணின் சுண்ணக்கல் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுகிற கல். பெயின்ற் அந்த வாயை அடைத்துவிடும். ஈரம் உள்ளே நின்று, உப்புப் பூத்து, மேல்தோல் பொருக்குப் பொருக்காக உதிரும். சீமெந்துப் பூச்சும் அப்படித்தான், கல்லைவிட இறுகிப்போய்க் கல்லையே பெயர்த்துக்கொண்டு விழும். அடித்தே ஆகவேண்டுமென்றால் நீற்றுச் சுண்ணாம்பு போதும், அதுவும் மாடு உரசாத பக்கத்துக்கு மட்டும். பிளவை அடைப்பதற்கும் சுண்ணாம்புச் சாந்துதான்.

இப்போது கல்லுக்குத் தகரக் கூரை போடும் யோசனை ஒன்று கிளம்பியிருக்கிறது. கூரைக்குத் தூண் நடக் குழி வெட்டினால் கேணியின் மேல் படிக்கட்டு ஆட்டம் காணும், மாடு திரும்பவும் இடம் இருக்காது. அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்லத்தான் போகிறேன். அந்தக் காசில் கேணியைத் தூர்வாரினால் கல்லுக்கும் நல்லது, மாட்டுக்கும் நல்லது.