லேன் கோவ் ஆற்றோரம் களையெடுப்பவன்

சிட்னியின் வடக்குப் புறநகர்களில் மேட்டில் வீடு, பள்ளத்தில் காடு என்பதுதான் கணக்கு. ரயில் பாதை, நெடுஞ்சாலை, கடைத்தெரு எல்லாம் மேட்டின் முதுகிலேயே ஓடும். இரண்டு மேடுகளுக்கு நடுவே மணற்கல் பாறை படிபடியாகச் சரிந்து ஓர் ஓடையிலோ ஆற்றிலோ போய் முடியும். அந்தச் சரிவில் வீடு கட்டுவது சிரமம், வெள்ளாமை வைக்கவே முடியாது. அதனால்தான் காடு பிழைத்துக்கொண்டது. லேன் கோவ் ஆற்றுப் பள்ளத்தாக்கும் அப்படி மிச்சமானதுதான். 1938-ல் பூங்காவாகத் திறந்தார்கள், இப்போது தேசியப் பூங்கா. நான் அங்கே களையெடுக்கிறேன்.

இங்கே இதற்குப் 'புஷ் ரீஜென்' என்று பெயர், காட்டைப் பழையபடி மீட்டெடுக்கும் வேலை. சான்றிதழ்ப் படிப்பு உண்டு, சீருடை உண்டு, பாம்புக்காக முழங்கால் வரை கட்டும் உறை உண்டு. கோபிப் பக்கம் இருக்கிற என் அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "ஏங்கண்ணு, அக்ரி படிச்சுப்போட்டு அங்க போயி களை புடுங்கறயா? அதுக்கு நம்ம காட்டுலயே ஆளு கெடைக்க மாட்டேங்குது" என்கிறார். ரெண்டுமே உண்மைதான்.

காலையில் ஃபுல்லர்ஸ் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, தடுப்பணையிலிருந்து ஆற்றின் மேல்நோக்கி நடப்போம். அணைக்குக் கீழே கடலின் ஏற்ற இறக்கம் தெரியும் உப்புத் தண்ணீர். அங்கே சேற்றில் மூச்சுவேர்களை நீட்டிக்கொண்டு கண்டல் மரங்கள் நிற்கும், பிச்சாவரத்தில் மண்டிக் கிடக்கும் அதே அவிசென்னியா மரீனா. அணைக்கு மேலே நல்ல தண்ணீர். கரைப் பாறைகளில் முழ நீள ஓணான்கள் வெயில் காயும். வாட்டர் டிராகன் என்பார்கள். கைக்கெட்டும் தூரத்துக்குப் போனாலும் அசையாது, அப்புறம் திடீரென்று தண்ணீரில் 'தொப்'பென்று விழும்.

நடைபாதை ஒற்றையடிப் பாதைதான். ஆனால் காட்டுக்குள் போகிறோம் என்று முழுசாக நம்பவும் முடியாது. ஒரு திருப்பத்தில் சாக்கடைக் குழாயின் கான்கிரீட் மூடி பாதை நடுவே இருக்கும், மழைக்குப் பிறகு அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடப்போம். மேட்டிலிருந்து லாரிச் சத்தம் வரும். ஆனாலும் ஆங்கோஃபோரா மரங்கள் பட்டை உரிக்கும் காலத்தில் வந்து பாருங்கள். சாம்பல் நிறப் பட்டை செதில் செதிலாகக் கழன்று விழ, உள்ளே சால்மன் நிறத்தில் வழவழவென்று புதுத்தோல். எத்தனை முறை பார்த்தாலும் தொட்டுவிட்டுத்தான் போவேன்.

இந்த வேலையில் என் படிப்பு ஓரிடத்தில் கைகொடுத்தது, ஓரிடத்தில் முட்டுக்கட்டை போட்டது. செடியை அடையாளம் காண்பது எளிதாகவே வந்தது. மண்ணைப் பற்றித்தான் தலைகீழாக யோசிக்க வேண்டியிருந்தது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று மனப்பாடம் செய்த தலைமுறை நாங்கள். சத்துக் குறைந்த மண் என்றாலே கை உர மூட்டையைத் தேடும். இந்த மணற்கல் மண்ணில் பாஸ்பரஸ், அதாவது மணிச்சத்து, மிகமிகக் குறைவு. பேங்சியா போன்ற இந்த ஊர்ச் செடிகள் அந்தப் பஞ்சத்துக்கே பழகியவை. கொத்துக் கொத்தாகச் சல்லி வேர் விட்டு, இருக்கிற துளிச் சத்தையும் உறிஞ்சி எடுத்துவிடும். பாஸ்பரஸ் அதிகமானால் அவற்றில் பல நோஞ்சானாகிச் சாகின்றன. மேட்டு வீடுகளின் புல்வெளி உரம், நாய் மலம் எல்லாம் மழைநீர்க் குழாய் வழியாக இந்தச் சரிவில்தான் வந்து இறங்குகின்றன. களை எங்கே செழிக்கும் என்று தேடவே வேண்டாம். குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

இங்கே எங்களுக்குப் பெரிய தலைவலி பிரிவெட். வேலிக்காகக் கொண்டுவந்த சீனத்துச் செடி, பழத்தைப் பறவைகள் தின்று எங்கும் விதைத்துவிட்டன. கட்டைவிரல் தடிமன் இருந்தால் மண் மட்டத்தில் கைரம்பத்தால் அறுத்து, வெட்டுவாயில் உடனே கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடவ வேண்டும். நுனியில் பஞ்சு வைத்த சின்ன பாட்டில் இடுப்பில் தொங்கும். அறுத்த கை ரம்பத்தைக் கீழே வைப்பதற்குள் அடுத்த கை தடவியிருக்க வேண்டும். சில நொடி தாமதித்தாலும் வெட்டுவாய் மருந்தைச் சரியாக உள்ளே இழுக்காது, அடுத்த பருவத்தில் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்த்து நிற்கும். ஈரப் பள்ளங்களில் படரும் டிரேடெஸ்கான்ஷியாவுக்கு ரம்பம் உதவாது. ஒரு கணு மண்ணில் விட்டுப்போனாலும் மறுபடி பரவும், மண்டியிட்டுப் பொறுக்க வேண்டியதுதான்.

எங்கள் குழுத் தலைவிக்கு இந்த வேலையில் பல வருட அனுபவம். அவர் என்னை முதலில் வேலைக்கு இறக்கியது களை மண்டிய இடத்தில் இல்லை. ஏறக்குறைய சுத்தமாக இருந்த ஒரு பாறைச் சரிவில். ஊரில் நாங்கள் எப்போதும் மோசமான பாத்தியில்தான் ஆளை இறக்குவோம். தலைவி செய்தது பிராட்லி முறை. 1960-களில் மோஸ்மன் பகுதியில், துறைமுகத்தை ஒட்டிய காட்டில் நடை போய்க்கொண்டிருந்த ஜோன், ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள் தாங்களே செய்து பார்த்துக் கண்டுபிடித்தது. நல்ல காட்டிலிருந்து தொடங்கிக் கெட்ட இடத்தை நோக்கி மெல்ல நகர்வது, மண்ணைக் கிளறாமல் பிடுங்குவது, பிடுங்கிய இடத்தைச் சருகால் மூடுவது, உள்ளூர்ச் செடி எந்த வேகத்தில் திரும்பி வருகிறதோ அதைவிட வேகமாகப் போகாமலிருப்பது. கேட்கச் சுலபமாக இருக்கும். கைக்கு எட்டுகிற களையை விட்டுவிட்டு நகர்வது, களையெடுத்துப் பழகியவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

உண்ணிச்செடியில் அது நன்றாகத் தெரியும். சத்தியமங்கலம் காட்டில் யானைத் தடத்தையே மூடிக் கிடக்கும் அந்த முட்புதர், இங்கேயும் 1841 வாக்கிலேயே அலங்காரச் செடியாக வந்து இறங்கிவிட்டது. அதன்மேல் எங்களுக்கு வெறுப்புக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒரே நாளில் புதரை வெட்டிச் சாய்த்தால், அதற்குள் கூடு கட்டியிருக்கும் நீலத் தலைக் குருவிகள் போக்கிடமில்லாமல் போகும். ஃபேரி ரென் என்று இங்கே சொல்கிறார்கள், கைக்குள் அடங்கும் அளவுதான் இருக்கும். அதனால் புதரைத் துண்டு துண்டாகத்தான் எடுக்கிறோம். ஒரு துண்டு எடுத்த இடத்தில் உள்ளூர்ப் புதர் எழுந்த பிறகுதான் அடுத்த துண்டு.

எங்கள் உழைப்பை மதிக்காத ஒரே ஆள் பிரஷ் டர்க்கி. ஆண் பறவை சருகையும் மண்ணையும் காலால் வாரி ஒரு குன்றே கட்டும். முட்டைகளைப் பொரிப்பது அந்தக் குப்பை மக்கும் சூடு. அலகை உள்ளே விட்டுச் சூடு பார்த்து, சுமார் 33 டிகிரியில் வைத்துக்கொள்ளும். நாங்கள் பார்த்துப் பார்த்துப் பரப்பிய சருகும் சின்ன நாற்றுகளும் அந்தக் குன்றுக்குத்தான் போகும். திட்டவும் முடியாது, அதுவும் இந்தக் காட்டின் ஆள்தானே.

ஆற்றின் அந்தப் பக்கம் மக்வாரி பார்க், ஐ.டி. அலுவலகங்கள் அடுக்கடுக்காக நிற்கும் இடம். மதியத்தில் கழுத்தில் அடையாள அட்டையோடு சிலர் காட்டுப் பாதையில் நடப்பார்கள். ஒருநாள் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு ஒரு தம்பி நின்றுவிட்டார். "அண்ணா, நீங்க தமிழா? இங்க என்னண்ணா பண்றீங்க?" சொன்னேன். மேட்டில் புதிதாக வீடு வாங்கியிருக்கிறாராம். "புல்லு வெட்டினதப் பின்வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டினா மக்கிடும்ல அண்ணா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த சரிவைக் காட்டினேன்: யாரோ கொட்டிய தோட்டக் குப்பையில் வேர்விட்டு இறங்கிய டிரேடெஸ்கான்ஷியா, பாய் விரித்த மாதிரி ஓடை வரைக்கும். அவர் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கறிவேப்பிலை பற்றிக் கேட்டார்.

அவரைப் போன்றவர்கள் வேலைக்கு வரும் ரயில் இந்த ஆற்றுக்கு அடியில்தான் போகிறது. முதலில் ஆற்றின் மேல் பாலம் போடத்தான் திட்டம். மக்கள் எதிர்த்ததால் சுரங்கமானது, 2009-ல் பாதை திறந்தது. மேல்நோக்கி நடந்தால் டி பர்க்ஸ் பாலம் வரும். பக்கத்தில் பழைய மரப்பாலத்தின் கல் தூண்கள் மட்டும் நிற்கும். பாலம் 1994 ஜனவரிக் காட்டுத்தீயில் எரிந்துபோனது. அந்தத் தீ பூங்காவில் பெரும்பகுதியைத் தின்றது. மண்ணுக்குள் கிடந்த வாட்டில் (அகேசியா) விதைகள் சூடு பட்டு முளைத்தன, பேங்சியாக் காய்கள் வாய் திறந்தன. களை விதையும் சேர்ந்தே முளைத்தது. தன்னார்வலர்கள் குழுகுழுவாக இங்கே இறங்க ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

வேலையில் எனக்கு இருக்கும் ஒரே மனத்தாங்கல் மாத அறிக்கை. படிவத்தில் 'களை அகற்றிய பரப்பு, சதுர மீட்டரில்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. திரும்பி வந்த செடிகளுக்குக் கட்டமே இல்லை. ஒப்பந்தம் கொடுப்பவர்களுக்கு எண் வேண்டும், அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வேகமாக வெட்டிச் சாய்க்கும் குழுவின் எண் எப்போதும் எங்களுடையதைவிடப் பெரிதாகவே இருக்கும். அவர்கள் வெட்டிய சரிவுக்கு அடுத்த வருடம் மறுபடி ஒப்பந்தம் போடுவார்கள் என்பது எந்தக் கட்டத்திலும் வராது. எங்கள் தலைவி அந்தக் கட்டத்தில் உள்ளபடி சின்ன எண்ணையே எழுதிவிட்டு, பின்பக்கத்தில் தானாக முளைத்த இனங்களின் பெயர்களை வரிசையாக எழுதி அனுப்புகிறார். போன மாதம் பட்டியலில் புல் போன்ற லொமாண்ட்ராவும் இரண்டு வகைப் பேங்சியாவும் இருந்தன. படித்தார்களா என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். அடுத்த சரிவுக்கு எப்போது போகிறோம் என்றும் கேட்டேன். இங்கே முளைத்தது முதலில் முழங்கால் உயரம் வரட்டும் என்றார்.