ஏலத்தின் இரண்டாம் நாள்

ஏழு நாள் ஏலத்தில் இரண்டாம் நாள் காலை அந்த மெசேஜ் வந்தது. "சார், இப்போது நிற்கும் தொகையைப் போல மூன்று மடங்கு தருகிறேன். இன்றே ஏலத்தை முடித்துவிடுங்கள். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்." மரியாதையான மெசேஜ். ஒரு சொல்லும் பொய் இல்லை.

நான் பார்ப்பது பிறருடைய சேகரிப்புகளை ஆன்லைனில் விற்றுக்கொடுக்கும் வேலை. அஞ்சல்தலை, நாணயம், பழைய போஸ்ட்கார்டு. பெரும்பாலும் சேகரித்தவர் காலமாகியிருப்பார். வீட்டார் பெட்டியோடு கொண்டுவந்து கொடுப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. படம் எடுத்து, விவரம் எழுதி, ஏலத்தில் ஏற்றுவது என் பொறுப்பு. இந்த ஏலத்தில் இருந்த ஆல்பம் பக்கமும் அப்படி வந்ததுதான். "பிரிட்டன், சிவப்பு ஒரு பென்னி, பயன்படுத்தியவை, 48 தலைகள்" என்று எழுதிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போயிருந்தேன்.

மூன்று மடங்கு என்றால் முன்பெல்லாம் மனம் குளிர்ந்துபோகும். இப்போது முதலில் எழுவது ஒரே கேள்வி: என் படத்தில் இவர் எதைப் பார்த்தார்?

ஆல்பத்தை மறுபடி எடுத்தேன். 1864 முதல் 1879 வரை வந்த சிவப்புப் பென்னித் தலைகளில், எந்த அச்சுத் தகட்டில் அடித்தது என்ற எண், ராணியின் முகத்துக்கு இருபுறமும் உள்ள கொடி வேலைப்பாட்டுக்குள் பொடிப்பொடியாக ஒளிந்திருக்கும். பத்து மடங்கு லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். 134, 148, 171, மறுபடி 171. நான்காம் வரிசையில் ஒன்றுக்கு இடப்பக்கத்தை முத்திரை மை மூடியிருந்தது. வலப்பக்கம் 225.

எண் போட்ட அந்தச் சிவப்புப் பென்னித் தகடுகளில் கடைசி அது. அச்சு ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குக் கைமாறும் தறுவாயில் வந்ததால் குறைவாகவே அச்சானது. மற்ற 47 தலைகளையும் சேர்த்தால்கூட அந்த ஒன்றுக்கு ஈடாகாது.

மெசேஜ் அனுப்பியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மங்கலான ஒரு படத்தில் 225ஐக் கண்டுபிடிப்பது பல வருஷப் பழக்கத்தால் வந்த கண். அவர் வாய்திறக்காமல் ஏலத்தில் கேட்டு, மலிவாகவே எடுத்திருந்தாலும் அது அவர் உழைப்புக்குக் கிடைத்த கூலி என்றுதான் சொல்வேன். தனக்குத் தெரிந்ததை விற்பவரிடம் சொல்லியே ஆகவேண்டும் என்ற கடமை அவருக்கு இல்லை. ஆனால் ஏலத்தில் அவர் கண்ணோடு போட்டிபோட வேறு கண்களும் இருக்கின்றன. அவற்றை மூடிவிடச் சொல்லி என்னைக் கேட்கிறாரே, அதுதான் தவறு.

அந்த மற்றவர்கள் யார் என்பது இரண்டாம் நாளில் தெரியாது. ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடுகிறது. இபே என்ற ஆன்லைன் ஏலத் தளத்தில் குறித்த நொடியில் ஏலம் முடிந்துவிடும். அப்போது அமேசான் நடத்திய ஏலங்களிலோ கடைசி நிமிஷங்களில் யாராவது கேட்டால் நேரம் நீளும். கடைசி நொடியில் பாய்வது இபேயில்தான் மிக அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். அதிலும் கணினிப் பொருட்களைவிடப் பழம்பொருட்களில் அதிகம். விஷயம் தெரிந்தவர் முன்கூட்டியே கேட்டால் அந்தக் கேட்பே மற்றவருக்குத் துப்புக் கொடுத்துவிடும் அல்லவா? அதனால் அவர் கடைசிவரை மறைந்தே இருப்பார். ஆக இரண்டாம் நாளில் ஏலத்தை முடித்தால், சரியான விலை தெரிந்தவர்களைத்தான் முதலில் வெளியே நிறுத்துகிறோம். நஷ்டம் முழுக்கப் பொருளைக் கொடுத்த குடும்பத்துக்கு. மூன்று மடங்கு என்று கேட்டு அவர்கள் மகிழ்ந்தும் போவார்கள்.

இதை நான் விதிப் புத்தகம் பார்த்துக் கற்கவில்லை. வேலையில் சேர்ந்த முதல் வருஷம், ஒரு நாணயத்துக்கு இப்படி ஒரு கேட்பு வந்தது. முதலாளி "முடிச்சிடு" என்றார். முடித்தேன். காரணம் கேட்ட கட்டத்தில் "பொருள் இப்போது விற்பனைக்கு இல்லை" என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அதுவரை முன்னணியில் இருந்த பெண்மணி அன்று மாலையே எழுதினார்: "நாணயத்துக்கு ஏதாவது சேதம் ஆகிவிட்டதா? இரண்டு வருஷமாக இதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்." "ஆமாம், மன்னிக்கவும்" என்று பதில் போட்டேன். நாணயம் என் மேசையில், உறைக்குள், கீறலில்லாமல் இருந்தது. வருத்தம் தெரிவித்து அவர் இன்னொரு வரி எழுதினார். அந்த வரியை இன்றும் மறக்க முடியவில்லை.

தனியாகக் கேட்பவர் எல்லாரும் வலைவிரிப்பவர் என்றும் சொல்லமாட்டேன். ஒரு வரிசையில் ஒரே ஒரு தலை குறைந்து, இரண்டு முறை கடைசி நொடியில் கோட்டைவிட்ட ஒருவர், ஏலம் தொடங்கும் முன்பே "விலை சொல்லுங்கள், தளத்திலேயே வாங்கிக்கொள்கிறேன்" என்று கேட்டார். உரிமையாளரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவர் சம்மதித்ததும் கொடுத்தோம். யாரும் ஏமாறவில்லை. முதல் கேட்பு விழுந்த பிறகு நிலைமை வேறு. உடனே வாங்கும் விலை போட்ட ஏலங்களில்கூட, பொதுவாக முதல் கேட்போடு அந்த வசதி மறைந்துவிடும்.

225க்காகக் கேட்டவருக்கு, ஏலம் முடியும்வரை தனியாகக் கொடுப்பதில்லை என்று எழுதினேன். விவரத்தில் தகடு எண்ணைச் சேர்த்து, அந்தத் தலையைத் தனியாகப் படம்பிடித்துப் போட்டேன். ஏழாம் நாள் கடைசிப் பத்து நொடியில், அதுவரை எட்டிப்பார்க்காத மூன்று பேர் கேட்டார்கள். அவர்களில் ஒருவருக்குப் போனது.

தொகையைச் சொல்ல, ஆல்பத்தைக் கொடுத்த அம்மாவுக்கு போன் செய்தேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "தம்பி, அதுல அப்படி ஒண்ணு இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார். பார்சல் கட்டுவதற்காகப் பக்கம் மேசைமேல்தான் கிடந்தது. இடுக்கியால் தலையை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். அடியில், தாளில், பென்சிலால் வைத்த சின்னப் புள்ளி. மற்ற 47இன் அடியிலும் தூக்கிப் பார்த்தேன். எதிலும் புள்ளி இல்லை.

"தெரிஞ்சிருக்கும்மா" என்றேன்.