மே மாதம் வரைக்கும் பொறுப்பு

19 டிசம்பர் 2018, புதன்

சாப்பாட்டு மணி அடித்ததும் போனைப் பார்த்தேன். ஓலே குன்னார் சோல்ஷாயர் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் பயிற்சியாளர், மே மாதம் சீசன் முடியும் வரைக்கும் மட்டும். இதுவரை இருந்த மொரீனியோவை நேற்றுத்தான் அனுப்பினார்கள். டிபன் பாக்ஸைத் திறக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

1999 மே மாதம் எனக்குப் பதினான்கு வயது. வேலூர் சத்துவாச்சாரியில் எதிர்வீட்டு டிவி. சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், யுனைடெட்டும் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்கும். ஆட்டம் தொடங்கும்போதே இங்கே மணி நள்ளிரவு தாண்டி 12.15. ஆறாவது நிமிடத்திலேயே பேயர்ன் கோல் போட்டுவிட்டது. அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. எதிர்வீட்டு மாமா இரண்டு தடவை "போய்ப் படுடா" என்றார். நான் நகரவில்லை. 81ஆவது நிமிடத்தில் 20ஆம் எண் சட்டை உள்ளே வந்தது. இஞ்சுரி டைமில் முதலில் ஷெரிங்கம் சமன் செய்தார். அடுத்து பெக்காமின் கார்னர், ஷெரிங்கமின் தலை, நீட்டிய ஒரு கால். சோல்ஷாயரின் கால். அந்த ராத்திரியிலிருந்து நான் இந்த அணிக்காரன்.

அவர் கையில் இப்போது கொடுத்திருப்பது 17 ஆட்டத்தில் 26 பாயிண்ட், ஆறாவது இடம், முதலிடத்து லிவர்பூலுக்கு 19 பாயிண்ட் பின்னால்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எங்கள் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் பிப்ரவரியில் வேலையை விட்டுப் போனார். அன்றிலிருந்து நான்தான் 'இன்சார்ஜ்'. எழுத்தில் ஆர்டர் கிடையாது, சம்பளமும் பழையதுதான், எது வரைக்கும் என்றும் யாரும் சொன்னதில்லை. ஓலேவுக்கு மே மாதம் வரை என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். செய்தியில் என் கண் அந்த வரியில்தான் நின்றது.

23 டிசம்பர், ஞாயிறு

கொசப்பேட்டை அண்ணன் வீட்டு மாடி அறையில் வழக்கமான நாலு பேர். ராத்திரி 11 மணி ஆட்டம். கார்டிஃப் 1, நாம் 5. மூன்றாவது நிமிடத்திலேயே ராஷ்ஃபோர்டின் ஃப்ரீ கிக் உள்ளே போனது. லீக் ஆட்டம் ஒன்றில் ஐந்து கோல் போட்டது 2013இல் பழைய பயிற்சியாளர் ஃபெர்குசனின் கடைசி ஆட்டத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. 2014இல் கார்டிஃப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியபோது பயிற்சியாளராக இருந்தவரும் இதே ஓலேதான். அவருக்கு அங்கே போய் நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி நம்மோடு சேர்ந்தது 2014க்குப் பிறகு. "அண்ணா, நம்ம டீம் இப்படிக்கூட ஆடுமா?" என்று கேட்டான். அவன் தோளில் தட்டினேன். ஃபெர்குசன் போன பிறகு மோயஸ், வான் கால், மொரீனியோ என்று மூன்று பேர் வந்து போய்விட்டார்கள். பாவம், அவன் பார்த்ததெல்லாம் அந்தக் காலம்தான்.

2 ஜனவரி 2019, புதன்

ஹடர்ஸ்ஃபீல்ட், போர்ன்மத் இரண்டையும் ஜெயித்தாயிற்று. நடுக்கள ஆட்டக்காரர் போக்பா ஆட்டத்துக்கு இரண்டாக நாலு கோல் போட்டிருக்கிறார். போன மாதம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள்.

இன்று வேலையில் இதுவேதான் மண்டைக்குள் ஓடியது. தோலை மேசையில் விரித்தால், முதுகெலும்பு ஓடிய கோட்டுக்கு இரண்டு பக்கமும்தான் கெட்டியான இடம். வயிற்றுப் பக்கம் விரலால் இழுத்தாலே இளகும். ஷூவின் முகப்பாக வருகிற வேம்ப்பை முதுகுப் பக்கத்தில்தான் வெட்ட வேண்டும். நாக்குப் பட்டையை வயிற்றுப் பக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம். தோலை வெட்டுகிற அச்சான டையை வைக்கிற கோணம் கொஞ்சம் பிசகினாலும் பிறகு லாஸ்ட்டில், அதாவது கால் வடிவக் கட்டையில், ஏற்றும்போது முகப்பு கோணிக்கொள்ளும். தோலைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. மாட்டிச்சும் ஹெரேராவும் பின்னால் காவல் இருக்க, போக்பாவை இடது பக்கமாக முன்னே ஏற்றிவிட்டிருக்கிறார் ஓலே. அதே தோல்தான், டை வைத்த இடம் வேறு.

14 ஜனவரி, திங்கள், போகி

விடிவதற்கு முன்பே தெருவெல்லாம் புகை. பழைய துணி, கோரைப்பாய், எவரோ போட்ட டயர் நாற்றம் வேறு. எனக்குத் தூக்கமே இல்லை. டாட்டன்ஹாம் ஆட்டம் முடிந்தபோது நேற்று மணி பன்னிரண்டு. அதற்குப் பிறகு மாடியில் ஒன்றரை மணி நேரம் வாக்குவாதம்.

போக்பா அரைமைதானத்தைத் தாண்டிப் போட்ட ஒரே பாஸ், ராஷ்ஃபோர்ட் கோல், வெம்ப்ளியில் 1-0. இடைவேளைக்குப் பிறகு ஆட்டம் அவர்களுடையது. நம் கோல்கீப்பர் டி ஹேயா 11 பந்துகளைத் தடுத்தார், பாதியைக் காலால். ஆறுக்கு ஆறு வெற்றி. இப்படி ஒரு தொடக்கம் அந்தக் காலத்துப் பயிற்சியாளர் மாட் பஸ்பிக்கும் இல்லை, ஃபெர்குசனுக்கும் இல்லை.

லாங்கு பஜாரில் கடை வைத்திருக்கும் பாய்தான் ஆரம்பித்தார். "தம்பி, ஜெயிச்சது நாம. ஆடுனது யாரு? எதிர்ல நின்னாரே போச்செட்டினோ, அவரு டீம். போன கோடையில ஒரு ஆளக்கூட அவருக்கு வாங்கிக் குடுக்கல. அத வச்சிகினே இப்படி ஆட வைக்கிறாரு. அவரக் கூப்புடுங்க."

கொசப்பேட்டை அண்ணனுக்கு வந்ததே கோபம். "இன்னா பாய் பேசுறீங்க? ஆறு மாசமா டிவியத் தொறக்கவே மனசு வரல எனக்கு. இந்த மனுசன் வந்து மூணு வாரத்துல சிரிக்க வச்சிட்டாரு. நாளைக்கே கையெழுத்து வாங்கணும். வேற யாராவது இஸ்துகினு போறதுக்குள்ள."

பாய் கோப்பைக் கணக்கை எடுக்கவில்லை. எடுத்தால் போச்செட்டினோவுக்கு டாட்டன்ஹாமில் ஒன்றுமே இல்லை என்று அண்ணன் சொல்லியிருப்பார். பாய் எடுத்தது டி மட்டேயோ கதை. 2012 மார்ச்சில் செல்சிக்குத் தற்காலிகமாக வந்தவர் எஃப்.ஏ. கோப்பையை வென்றார், மியூனிக்கிலேயே பேயர்னைப் பெனால்டியில் வீழ்த்திச் சாம்பியன்ஸ் லீக்கையும் வென்றார். நிரந்தரமாக்கினார்கள். நவம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். "வந்த வேகம் வேற, ஓட்டுற வேகம் வேற" என்றார் பாய்.

என்னைக் கேட்டார்கள். மே வரைக்கும் என்று சொன்னார்கள் அல்லவா, மே வரைக்கும் பார்க்கட்டும் என்றேன். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "உனக்கே அவரப் புடிக்கும்னுதானே நெனச்சேன்" என்றார். பிடிக்கும். அதனால்தான் சொன்னேன். கெடு வைத்து ஒருவர் கையில் வேலையைக் கொடுத்தால் அந்தக் கெடு முழுக்க அவருடையது. நடுவில் புகுந்து பிடுங்கவும் கூடாது, அவசரப்பட்டு மாலை போடவும் கூடாது. அன்றைக்கு இதை ஒழுங்காகச் சொல்ல வரவில்லை, இங்கே எழுதுகிறேன்.

30 ஜனவரி, புதன்

பர்ன்லியுடன் 2-2. எட்டு வெற்றிக்குப் பிறகு முதல் டிரா. 81ஆவது நிமிடத்தில் 0-2. அங்கிருந்து எழுந்து வந்ததே போதும்.

5 பிப்ரவரி, செவ்வாய்

இந்த வாரம் ஊரில் எங்கே பார்த்தாலும் கேபிள் பேச்சுதான். பிப்ரவரி 1 முதல் புது விதி. 130 ரூபாயும் வரியும் அடிப்படைக் கட்டணம், மற்ற சேனல்களை நாமே தேர்ந்தெடுத்து எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணி சீரியல் சேனல்களை டிக் அடித்துவிட்டுப் படிவத்தை அண்ணனிடம் நீட்டினாராம். அண்ணன் சாம்பியன்ஸ் லீக் வருகிற சேனலுக்கு முதல் டிக் போட்டிருக்கிறார். எங்கள் மூவரிடமும் பங்கு வசூல். நியாயம்தான்.

13 பிப்ரவரி, புதன்

ராத்திரி 1.30 ஆட்டம். சாம்பியன்ஸ் லீக், பாரிஸ் சான் ஜெர்மேன் நம் மைதானம் ஓல்ட் டிராஃபோர்டிலேயே 2-0 என்று ஜெயித்துவிட்டார்கள். கிம்பெம்பே, எம்பாப்பே. போக்பாவுக்குச் சிவப்பு அட்டை. லிங்கார்டும் மார்சியாலும் காயம். ஓலே வந்த பிறகு முதல் தோல்வி.

பாய் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் சொன்னேன் என்று குத்திக்காட்டுகிற ஆள் இல்லை அவர். படியிறங்கும்போது என் தோளில் கை வைத்து, "காலைல பஸ் ஏறணும், போய்த் தூங்கு" என்றார்.

7 மார்ச், வியாழன்

கை இன்னும் நடுங்குகிறது. தூங்காமல்தான் வேலைக்குப் போனேன், தூங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

பாரிஸில் ஆட முடியாதவர்கள் பத்துப் பேர். போக்பா, மாட்டிச், ஹெரேரா, லிங்கார்ட், மார்சியால், மாட்டா, இன்னும் நாலு பேர். பெஞ்சில் இருந்ததில் பாதி இளம்பிள்ளைகள். சாம்பியன்ஸ் லீக்கில் சொந்த மண்ணில் 0-2 தோற்றுவிட்டு அடுத்த ஆட்டத்தில் மீண்ட அணி இதுவரை ஒன்றுகூட இல்லை. தம்பி வரவே மாட்டேன் என்றான், போன் போட்டு வரவழைத்தோம்.

இரண்டாவது நிமிடத்தில் லுக்காக்கு. பத்து நிமிடத்தில் அவர்கள் சமன். முப்பதாவது நிமிடத்தில் அவர்கள் கோல்கீப்பர் புஃபோன் பந்தை நழுவவிட, மறுபடியும் லுக்காக்கு. 2-1. இன்னும் ஒரே கோல் போட்டால் இரண்டு ஆட்டத்தையும் சேர்த்துச் சமம், வெளியூரில் போட்ட கோல் அதிகம் என்று நாம் மேலே போவோம். அப்புறம் ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. 17 வயது கிரீன்வுட்டைக்கூட இறக்கினார் ஓலே. 90ஆவது நிமிடத்தில் டாலோ அடித்த பந்து கிம்பெம்பேயின் கையில் பட்டது. நடுவர் திரையைப் பார்க்க ஓடினார். அந்த இரண்டு மூன்று நிமிடம் மாடி அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பாயின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பெனால்டி. ராஷ்ஃபோர்ட், 21 வயது, 94ஆவது நிமிடம், எதிரில் புஃபோன்.

வலைக்குள் போனதை அண்ணன் பார்க்கவில்லை, நாங்கள் கத்தியதைக் கேட்டுத்தான் திரும்பினார். கீழேயிருந்து அண்ணி பதறி ஓடி வந்தார், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று. விடிகாலை மூன்றரை மணி.

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "குடுத்துருங்கப்பா. அவருக்கே குடுத்துருங்க."

நாலு பேரில் மூன்று பேர் ஒரு பக்கம். எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அந்த மூன்றரை மணிக்கு யாரும் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

11 மார்ச், திங்கள்

ஆர்சனலிடம் 0-2. லீக்கில் ஓலேவின் முதல் தோல்வி. நன்றாகத்தான் ஆடினோம், பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நேற்று மாலை தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள், தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 18. ஓட்டுக் கேட்க வருகிறவர்களுக்குக் கூடத் தேதி தெரிந்துவிட்டது என்று பஸ்ஸில் என் மனதுக்குள் ஓடியது.

12 மார்ச், செவ்வாய்

மேனேஜரிடம் போய் நின்றேன். சம்பளம் கேட்கவில்லை. "சார், மே 31 வரைக்கும் என் வேலையப் பாருங்க. வேஸ்டேஜ் எவ்வளவு, ரிஜெக்‌ஷன் எவ்வளவு, எல்லாம் எழுதி வச்சிருக்கேன். அன்னைக்கு உண்டு, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க" என்றேன். "பார்க்கலாம்பா" என்றார். பதிமூன்று மாதமாகக் கேட்கிற அதே பார்க்கலாம். நோட்டை மேசையில் வைத்துவிட்டு வந்தேன், திருப்பி அனுப்பவில்லை.

17 மார்ச், ஞாயிறு

வுல்வ்ஸிடம் 1-2. எஃப்.ஏ. கோப்பை போயிற்று. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது, மாடி அறையில் ராத்திரியிலும் உட்கார முடியவில்லை.

28 மார்ச், வியாழன்

மதியம் இரண்டரை மணி இருக்கும். தம்பியிடமிருந்து முதலில் வந்தது, அப்புறம் அண்ணனிடமிருந்து பத்து மெசேஜ். ஓலே நிரந்தரம். மூன்று வருட ஒப்பந்தம்.

19 ஆட்டம், 14 வெற்றி, 2 டிரா, 3 தோல்வி. டாப் நாலுக்கு 11 பாயிண்ட் தூரம் இருந்தது, இப்போது இரண்டே இரண்டு. யார் கணக்குப் போட்டாலும் அவர் சம்பாதித்ததுதான், ஒருவரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. அவர் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்தேன். பதினான்கு வயதில் எனக்கு அந்த ராத்திரியைக் கொடுத்த மனுஷன்.

ஆனாலும் மே என்று சொல்லிவிட்டு மார்ச்சில் முடித்துவிட்டார்கள். கடைசி மூன்று ஆட்டத்தில் இரண்டு தோல்வி. இனிமேல்தான் பார்சிலோனா, சிட்டி, செல்சி. தற்காலிகம் என்ற பெயர் இருந்தவரைக்கும் ஜெயித்தால் அவருக்குப் பெருமை, தோற்றால் பழி முந்தையவருக்கு. நாளையிலிருந்து அந்தக் குடை கிடையாது. ஏப்ரலில் இரண்டு ஆட்டம் தோற்றாலே இவரையும் தூக்கு என்று பேச ஆரம்பிப்பார்கள். அவருக்கு இன்னும் இரண்டு மாதம் நிழல் இருந்தது, அதைக் கொடுத்தவர்களே எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்கு வருத்தம்.

சாயங்காலம் மாடியில் இதைச் சொன்னேன். அண்ணன் பேசாமல் ஆம்பூர் பிரியாணிப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். பாய் மட்டும், "நீ சொல்றதுல ஒரு ஞாயம் இருக்கு தம்பி, ஆனா இன்னைக்கு வேணாம்" என்றார். சரி என்று சாப்பிட்டேன்.

29 மார்ச், வெள்ளி

நோட்டு இன்னும் மேனேஜர் மேசையில்தான் இருக்கிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன், வைத்த இடத்தில் இல்லை, இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. யாரோ பிரித்திருக்கிறார்கள்.

நாளை வாட்ஃபோர்ட். எட்டரை மணிக்கு. பாய் சீக்கிரம் கடை மூடிவிட்டு வருகிறாராம், தம்பி ஏழு மணிக்கே வந்துவிடுவான்.